ஒரு சுழற்சி தவறினால்: சியாரா மேட்டுப் படிவுத் தண்டுகளின் பிணைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பெருங்கடல் துளையிடல் திட்டத்தின் 154ஆம் பயணம் 1994ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமேசான் ஆற்று முகத்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலடியில் எழுந்து நிற்கும் சியாரா மேட்டில் நடைபெற்றது. வில்லியம் கரி, நிக்கோலஸ் ஷாக்கில்டன் ஆகிய இருவரும் தலைமை அறிவியலாளர்களாகச் சென்ற அப்பயணத்தில், ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்னும் துளையிடும் கப்பல் 925 முதல் 929 வரை எண்ணிடப்பட்ட ஐந்து தளங்களில் துளையிட்டது. தளங்களின் நீர் ஆழம் சுமார் 3,040 மீட்டரில் தொடங்கிச் சுமார் 4,360 மீட்டர் வரை படிப்படியாகக் கூடுமாறு அவை தெரிவு செய்யப்பட்டிருந்தன. அண்டார்க்டிக் அடிநீரும் வட அட்லாண்டிக் ஆழ்நீரும் சந்திக்கும் மட்டம் காலப்போக்கில் எவ்வாறு ஏறி இறங்கியது என்பதை, ஒரே மேட்டின் சரிவில் வெவ்வேறு உயரங்களில் படிந்த சேற்றைக் கொண்டு அறிவதே அதன் நோக்கம்.

அங்கு கிடைத்த படிவுகள் இன்றளவும் புவியின் கால அளவுகோலுக்கு ஆதாரமாக விளங்குபவை. 926ஆம் தளத்தில் 50 லட்சம் ஆண்டுகளுக்கும் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதியை ஷாக்கில்டனும் சைமன் க்ரௌஹர்ஸ்டும் புவிச் சுற்றுப்பாதை மாற்றங்களுடன் ஒப்பிட்டு 1997இல் காலங்கணித்தனர். ஆனால் அதே தளத்தின் அதே பகுதிக்கான பிணைப்பு வரிசையை, அதாவது அருகருகே இட்ட துளைகளின் படிவுத் தண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி அமைக்கும் தொடர் பதிவைத் திருத்தி, புதிதாகக் காலங்கணித்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. 2017இல் ராய் வில்கென்ஸ் குழுவினர் ஐந்து தளங்களின் பிணைப்புகளையும் முழுமையாக மறுபார்வையிட்டனர். பெரும்பாலான திருத்தங்கள் சிறியவையாகவும், சில மட்டும் காலக்கணிப்பையே பாதிக்கும் அளவுக்குப் பெரியவையாகவும் இருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. இத்துறையின் தேர்ந்த கைகள் செய்த வேலையில் இருபது ஆண்டுகள் கழித்தும் திருத்தத்துக்கு இடம் இருந்தது ஏன் என்பதே இவ்வாய்வின் கேள்வி. கவனக்குறைவு அதற்கு விடையன்று. சியாரா மேட்டின் படிவுகளை எந்தப் பண்பு மதிப்புமிக்கவையாக ஆக்கிற்றோ, அதே பண்புதான் அவற்றைப் பிணைப்பதையும் வழுக்கலான வேலையாக ஆக்கிற்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இடைவெளி எங்கே வருகிறது

மென்மையான கடலடிச் சேற்றை எடுப்பதற்கு நீரழுத்த உந்துதண்டு முறை பயன்படுகிறது. துளைக் குழாயினுள் நீரழுத்தத்தை ஏற்றி, அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்ததும் உள்ளிருக்கும் மாதிரிக்குழாய் சேற்றுக்குள் ஒரே பாய்ச்சலில் 9.5 மீட்டர் இறங்குமாறு செய்வர். சேறு நிறைந்த அக்குழாயை மேலே இழுத்து, 1.5 மீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியை ஆவணப் பாதியாகவும் மறு பாதியை ஆய்வுப் பாதியாகவும் வைத்துக்கொள்வர். இவ்வாறு ஒரு பாய்ச்சலில் கிடைக்கும் உருளை மாதிரியையே இங்குப் படிவுத் தண்டு என்று குறிப்பிடுகிறோம். துறையினர் பேச்சில் அது வெறும் ‘கோர்’தான்.

இம்முறை 1970களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தபோது, தண்டுகள் பெரும்பாலும் மாதிரிக்குழாயின் முழு நீளத்தையும் எட்டியதாலும், சில வேளை அதைக் கடந்து நூறு சதவீதத்துக்கு மேல் மீட்பு என்று பதிவானதாலும், ஒரே துளையிலிருந்து முழுமையான பதிவு கிடைத்துவிட்டது என்றே பலரும் கருதினர். 1983இல் நடந்த 94ஆம் பயணத்தின் வட அட்லாண்டிக் தளங்களில், அருகருகே இடப்பட்ட துளைகளை வில்லியம் ரடிமன் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. ஒரு தண்டின் அடிக்கும் அடுத்த தண்டின் தலைக்கும் இடையே படிவு விடுபட்டிருப்பது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவே இருந்தது. விடுபட்ட அளவு பொதுவாக அரை மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் வரை அமைகிறது.

காரணங்கள் பல. கப்பல் அலையில் ஏறி இறங்குகிறது; அதனுடன் சேர்ந்து பல ஆயிரம் மீட்டர் நீளமுள்ள குழாயின் நுனியும் ஆடுகிறது. அதை ஈடுசெய்யும் அமைப்பு இருந்தாலும், பாய்ச்சல் தொடங்கும் கணத்தில் நுனி எங்கே நின்றது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. துளையின் சுவரிலிருந்து உதிர்ந்த சேறு அடுத்த தண்டின் தலைப்பகுதியில் குவிந்து, உண்மையான அடுக்கைப் போல் தோற்றமளிப்பதும் உண்டு. இவற்றுக்கு மேலாக, மேலிருந்த சுமை நீங்கியதும் சேறு விரிகிறது. எனவே கடலடியில் எட்டரை மீட்டராக இருந்த படிவு கப்பல் மேசையில் ஒன்பதரை மீட்டராக நீண்டு, ‘முழு மீட்பு’ என்ற தோற்றத்தைத் தந்து, விடுபட்ட ஒரு மீட்டரை மறைத்துவிடும். இடைவெளியையும் விரிவையும் தனித்தனியே பார்த்தால் பிடித்துவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது.

தீர்வு எளிமையானது: ஒரே தளத்தில் சில பத்து மீட்டருக்குள் இரண்டு, மூன்று துளைகள் இட்டு, ஒன்றில் தண்டு முடியும் ஆழம் மற்றதில் தண்டின் நடுப்பகுதியாக அமையுமாறு தொடக்கத்தைச் சில மீட்டர் தள்ளிவைப்பது. ஒரு துளையின் இடைவெளியை மற்றொன்றின் தண்டு நிரப்பும். 1991இல் கிழக்குப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் நடந்த 138ஆம் பயணத்தில்தான், கப்பலில் இருக்கும்போதே அளவீடுகளை ஒப்பிட்டு, எல்லாத் துளைகளுக்கும் பொதுவான ஒரே ஆழக் கணக்காகிய கூட்டு ஆழ அளவுகோலை உருவாக்கும் முறை ஒழுங்காக வடிவம் பெற்றது. டெரீசா ஹேகல்பெர்க் குழுவினர் 844 முதல் 854 வரையான தளங்களுக்கு அவ்வளவுகோலை வகுத்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின் சியாரா மேட்டுக்குச் சென்றவர்கள் கையில் இருந்தது அந்த முறையே.

பிணைப்பு எப்படிச் செய்யப்படுகிறது

தண்டுகளைப் பிளப்பதற்கு முன்பே அவை உணரிகள் வழியாகச் செலுத்தப்பட்டு, காந்த ஏற்புத்திறன் (சேறு எவ்வளவு எளிதில் காந்தமேறுகிறது என்னும் அளவு), காமாக் கதிர் மூலம் அளக்கப்படும் அடர்த்தி, இயற்கைக் காமாக் கதிர்வீச்சு ஆகியவை சில சென்டிமீட்டர் இடைவெளியில் பதிவாகின்றன. பிளந்த பின் ஒளி எதிரொளிப்பும் அளக்கப்படுகிறது. சியாரா மேட்டில் இரண்டு பொருள்கள் மாறி மாறி மேலோங்குகின்றன: நுண்ணுயிர்களின் ஓடுகளாலான வெண்மையான சுண்ணாம்பும், அமேசான் கொண்டுவந்து சேர்க்கும் கருமையான களிமண்ணும். களிமண் மிகுந்த அடுக்கில் காந்த ஏற்புத்திறன் உயர்ந்து எதிரொளிப்பு தாழ்கிறது. சுண்ணாம்பு மிகுந்தால் இரண்டும் தலைகீழாகின்றன. ஆகவே, இரண்டு வெவ்வேறு கருவிகள் எதிரெதிர்த் திசையில் ஒரே கதையைச் சொல்கின்றன.

பிணைப்பவரின் வேலை, பக்கத்துத் துளைகளின் வளைகோடுகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே அடுக்கைக் குறிக்கும் முகடுகளும் பள்ளங்களும் பொருந்தும்வரை ஒரு தண்டை மேலும் கீழும் நகர்த்துவதாகும். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு: தண்டு முழுவதுமாக ஒரே அளவு நகர்த்தப்படுமேயன்றி, இழுக்கப்படுவதோ சுருக்கப்படுவதோ இல்லை. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே ஓர் எண்தான். அது அத்தண்டின் நகர்வு. கடலடியும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பு சிதையாமல் கிடைத்த முதல் தண்டு சுழியாக நிறுத்தப்பட, அதன் கீழுள்ளவை ஒன்றையடுத்து ஒன்றாக அதிலிருந்து தொங்குகின்றன.

இதன் கணக்கைக் காட்டுவதற்காகக் கற்பனை எண்கள் கொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஏ துளையின் ஐந்தாம் தண்டு துளையிடுவோர் கணக்கில் 38.0 முதல் 47.5 மீட்டர் வரையிலும், ஆறாம் தண்டு 47.5 முதல் 57.0 வரையிலும் உள்ளன. காகிதத்தில் இடைவெளியே இல்லை. ஐந்தாம் தண்டு ஏற்கெனவே 3.1 மீட்டர் கீழே நகர்த்தப்பட்டுவிட்டது என்று கொள்வோம். அதில் 46.2 மீட்டரில் உள்ள ஒரு முகடு 49.3 என்னும் கூட்டு ஆழத்தைப் பெறுகிறது. அதே முகடு பி துளையின் தண்டில் 46.9 மீட்டரில் தெரிகிறது. எனவே அத்தண்டின் நகர்வு 2.4 மீட்டர். அதே பி தண்டில் இன்னும் கீழே 50.4 மீட்டரில் உள்ள மற்றொரு முகட்டின் கூட்டு ஆழம் 52.8. அம்முகடு ஏ துளையின் ஆறாம் தண்டில் 48.6 மீட்டரில் காணப்பட்டால், அத்தண்டு 4.2 மீட்டர் நகர வேண்டும். ஐந்தாம் தண்டின் நகர்வு 3.1, ஆறாம் தண்டின் நகர்வு 4.2, இடைவெளி இல்லையென்று எண்ணப்பட்ட இடத்தில் 1.1 மீட்டர் படிவு விடுபட்டிருக்கிறது. அந்த 1.1 மீட்டருக்கான பதிவை பி துளையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

நகர்வுகள் கீழே செல்லச் செல்லப் பெருகிக்கொண்டே போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விரிவும் இடைவெளிகளும் சேர்ந்து, துளையிடுவோரின் ஆழத்தைவிடக் கூட்டு ஆழம் பத்து சதவீதம் அளவுக்கு அதிகமாவது வழக்கம். 100 மீட்டர் என்று கணக்கிடப்பட்டது 110 மீட்டராகிவிடும். கூட்டு ஆழத்தைக் கொண்டே படிவு வீதத்தைக் கணக்கிடுபவர்கள் இவ்வளர்ச்சிக் காரணியால் வகுக்க மறந்தால், அவர்களுடைய வீதம் அதே பத்து சதவீதம் மிகையாகிவிடும்.

ஒழுங்கே எதிரியாகும் இடம்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மறைந்திருக்கும் சிக்கலை இப்போது எடுத்துக்கொள்ளலாம். சியாரா மேட்டில் களிமண்ணும் சுண்ணாம்பும் மாறுவதை முதன்மையாக ஆட்டிவைப்பது அயனச் சலனம், அதாவது புவியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டும் இயக்கம். காலநிலையில் அதன் விளைவு மீண்டும் வரும் சுழற்சிக்காலம் ஏறத்தாழ 21,000 ஆண்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வீதம் சேறு படிந்தால் ஒரு சுழற்சியின் தடிமன் சுமார் 50 சென்டிமீட்டர். அரை மீட்டருக்கு ஒன்றாக முகடுகள் வரிசையாய் எழுந்து நிற்கும் இந்த ஒழுங்கே ஷாக்கில்டன் போன்றோரை அங்கு ஈர்த்தது. ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோல் அயனச் சலனச் சுழற்சிகளை எண்ணிக் காலத்தை அளந்துவிடலாம் அல்லவா!

ஆனால் முகடுகள் ஒன்றுபோலவே இருந்தால், எந்த முகடு எதனுடன் பொருந்துகிறது என்பதை எப்படித் தீர்மானிப்பது? எடுத்துக்காட்டில் ஏ துளையின் ஆறாம் தண்டை 4.2 மீட்டருக்குப் பதிலாக 3.7 மீட்டர் நகர்த்தினால், அதன் முகடுகள் பி தண்டின் முகடுகளுடன் ஒரு படி தள்ளி மறுபடியும் அழகாகப் பொருந்தும். இடைவெளி 1.1 மீட்டரிலிருந்து 0.6 மீட்டராகக் குறையும். இரண்டுமே நடைமுறையில் நம்பத்தக்க அளவுகள். இயற்பியலோ துளையிடும் பொறியியலோ இவற்றில் ஒன்றை மறுக்காது. இரண்டு வளைகோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் ஒப்புமைக்கெழு என்னும் எண்ணும் பெரிதாக உதவாது. சீரான அலையின் இரண்டு துண்டுகளை ஒரு முழுச் சுழற்சி நகர்த்தினால் ஒப்புமை மீண்டும் உயரத்தானே செய்யும். எரிமலைச் சாம்பல் அடுக்கு போன்ற தனித்த அடையாளம் இருக்குமிடத்தில் இந்தத் தொல்லை இல்லை. சீராக ஓடும் அலைவரிசையில்தான் ஒரு சுழற்சி காணாமல் போவதும், ஒன்று இருமுறை எண்ணப்படுவதும் நிகழ்கின்றன.

இப்பிழையின் விளைவு அந்த இடத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு தண்டும் மேலுள்ளதிலிருந்து தொங்குவதால், ஒரு சுழற்சி விடுபட்ட இடத்துக்குக் கீழுள்ள அனைத்தும் 21,000 ஆண்டு இளமையாகிவிடும். அதைவிடத் தொல்லையானது, காலக்கணிப்பு செய்பவர் அப்பிழையை அறியாமலேயே விழுங்கிவிடுவது. பதிவில் ஒரு சுழற்சி குறைவாகவும் வானியல் கணக்கில் ஒன்று அதிகமாகவும் இருந்தால், அந்தப் பகுதியில் படிவு வீதம் சற்று வேறாக இருந்தது என்று கொண்டு, அவர் இழுத்துப் பொருத்திவிடுவார். பிறகு அந்தப் போலி வீத மாற்றத்துக்கு யாரேனும் காலநிலைக் காரணம் கண்டுபிடிக்கவும் கூடும். ஒரு பிழை ஒரு கண்டுபிடிப்பாக உருமாறும் வழி இதுதான்.

எதிர்மருந்தும் அதே சுற்றுப்பாதையிலிருந்தே வருகிறது. அயனச் சலனச் சுழற்சிகளின் வீச்சு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. புவிப் பாதையின் மையப்பிறழ்வு, அதாவது அப்பாதை வட்டத்திலிருந்து விலகி நீளும் அளவு, ஏறத்தாழ 1,00,000 ஆண்டு, 4,05,000 ஆண்டுக் கால அளவுகளில் அவ்வீச்சைப் பெருக்கியும் குறைத்தும் வருகிறது. எனவே முகடுகள் தனித்தனியே அல்லாமல், உயரமான சில, அதன்பின் அடங்கிய சில என்று கொத்துக்கொத்தாக வருகின்றன. அச்சுச் சாய்வின் 41,000 ஆண்டுச் சுழற்சி இடையே புகுந்து சில முகடுகளைத் தடிமனாக்கியும் சிலவற்றை இரண்டாகப் பிளந்தும் விடுகிறது. தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் இரண்டு மீட்டராக மட்டும் இருந்தால் கொத்தின் வடிவம் தெரியாது. ஐந்து மீட்டர் இருந்தால் தெரியும். பொருந்தும் முகடுகளின் எண்ணிக்கையைவிட, ஒன்றையொன்று ஒவ்வாத முகடுகளின் வரிசை பொருந்துகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். பிணைப்பவர் அழகான பகுதியைத் தேடாமல் அலங்கோலமான பகுதியைத் தேட வேண்டும் என்பேன்.

ஆழம் கூடியதும் இந்த வாய்ப்பு சுருங்குகிறது. சேறு இறுகிய பின் உந்துதண்டு உள்ளே செல்வதில்லை. சுழன்று அரியும் முறைக்கு மாற வேண்டும். அப்போது தண்டு சிறுசிறு வில்லைகளாக முறிந்து, இடையிடையே அரைபட்ட குழம்பு நிறைந்துவிடும். மீட்பு குறைகிறது, அளவீடுகளில் இரைச்சல் கூடுகிறது, ஒப்பிடத்தக்க நீளம் சிறுத்துவிடுகிறது.

மறுபார்வையில் கண்டது

2017 ஆய்வின் புதுமை பெரும்பாலும் படங்களில் இருந்தது. 1994இல் ஒவ்வொரு தண்டின் 1.5 மீட்டர்த் துண்டுகளும் மேசையில் பக்கம்பக்கமாக அடுக்கி நிழற்படம் எடுக்கப்பட்டிருந்தன. அப்படங்களிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்து, மேசை விளக்கின் சமமற்ற வெளிச்சத்தைச் சரிசெய்து, ஆழ வரிசையில் ஒட்டினால் கிடைப்பது நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள ஒரே நெடும்படம். வளைகோட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு முகடுகள், படத்தில் பார்த்தால் ஒன்று மெல்லிய கருங்கீற்றாகவும் மற்றொன்று மங்கிய அகலப் பட்டையாகவும் இருக்கலாம். துளையின் சுவரிலிருந்து விழுந்த குழம்பும் படத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் சேற்றை எண்களாக்கி, எண்களைப் பொருத்திய பின், மீண்டும் சேற்றையே பார்க்கத் திரும்பியது என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாவது சோதனை, தளங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. ஐந்து தளங்களும் ஒரே மேட்டில், ஒரே களிமண் வரவுக்கும் ஒரே சுற்றுப்பாதைக்கும் ஆட்பட்டவை. ஒவ்வொரு தளத்தின் பிணைப்பும் தனித்தனியே செய்யப்பட்டதால், ஒன்றில் சுழற்சி தவறியிருந்தால் மற்ற நான்கின் அருகில் வைக்கும்போது அது தனித்துத் தெரியும். மிக ஆழமான 929ஆம் தளத்தில் சுண்ணாம்பு கரைந்து அடுக்குகள் மெலிந்திருப்பதால் இந்த ஒப்பீடு எளிதன்று. ஆயினும் ஒரே தளத்துக்குள் எவ்வளவு முயன்றாலும் கிடைக்காத சான்று இதில் கிடைக்கிறது. பல துளைகள் இடுவது இடைவெளியை நிரப்புகிறது. பல தளங்கள் இடுவதே நிரப்பியது சரியா என்று சொல்கிறது.

மூன்றாவது பிரச்சினை பிணைப்பு வரிசைக்கு வெளியே நிற்கும் மாதிரிகளைப் பற்றியது. முழுத் தண்டையும் ஒரே அளவில் நகர்த்தும் விதியின்படி, இரண்டு துளைகளின் அடுக்குகள் பிணைப்புப் புள்ளியில் மட்டுமே துல்லியமாக ஒன்றுபடும். அங்கிருந்து விலகினால், தண்டுக்குத் தண்டு விரிவு வேறுபடுவதால், பல சென்டிமீட்டர்களும் சில இடங்களில் அதைவிட மிகுதியாகவும் பிசகும். பிணைப்பு வரிசையில் சேராத துண்டிலிருந்து ஒருவர் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பொறுக்கி, பழங்காலக் கடல் வெப்பத்தையும் பனியளவையும் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்திருந்தால், அந்த அளவீட்டின் கூட்டு ஆழம் அரைச் சுழற்சி வரை தவறக்கூடும். இதற்காகவே வெளித்துண்டுகளை நுண்மையாக இழுத்தும் சுருக்கியும் பிணைப்பு வரிசையுடன் பல புள்ளிகளில் பொருத்தும் திருத்திய கூட்டு ஆழம் என்னும் மற்றோர் அளவுகோல் தேவைப்படுகிறது. வில்கென்ஸ் குழுவினர் இதையும் தம் மென்பொருளில் செய்து, 50 லட்சம் ஆண்டுகளுக்கான சியாரா மேட்டு ஐசோடோப்புப் பதிவை அமைத்தனர். உலகெங்கும் 57 பதிவுகளைச் சேர்த்து 2005இல் லிசியெக்கியும் ரேமோவும் உருவாக்கிய அடுக்குப் பதிவுடன் அதை ஒப்பிட்டது அவ்வாய்வின் மையப்பகுதி.

இத்தனையும் செய்ய முடிந்ததற்குப் பின்னால் ஒரு சாதாரணமான ஏற்பாடு இருக்கிறது. கப்பலில் எடுக்கப்படும் ஒவ்வொரு மாதிரியின் உறையிலும் ஆழம் மட்டும் எழுதப்படுவதில்லை. பயணம், தளம், துளை, தண்டு, துண்டு, துண்டின் தலையிலிருந்து எத்தனையாவது சென்டிமீட்டர் என்ற முழு முகவரியும் எழுதப்படுகிறது. 154-926பி-12எச்-3, 45-47 செ.மீ. என்பதுபோன்ற அம்முகவரி, அச்சேறு எங்கிருந்து வெட்டப்பட்டது என்ற உண்மையைச் சொல்கிறது. கூட்டு ஆழமும் வயதும் அவ்வுண்மையின்மேல் யாரோ ஒருவர் செய்த விளக்கங்கள், அவை மாறலாம். முகவரியோடு வெளியான பழைய ஐசோடோப்பு அளவீடுகளை, ஓர் ஓட்டைக்கூட மறுபடி அளக்காமல், புதிய பிணைப்புக்கு அப்படியே மாற்ற முடிந்தது. வயதையும் மதிப்பையும் மட்டும் இரண்டு நிரல்களாக வெளியிட்டு முகவரியை விட்டுவிட்ட அட்டவணைகள், அவை எந்தப் பிணைப்பின்மேல் கட்டப்பட்டனவோ அதனுடனேயே நின்றுபோகின்றன.